திரும்பி வந்த தண்ணீர்

ஒரு பாத்திரத்தைக் கையில் வாங்கினால் போதும், அது நல்ல தகடா, தட்டினால் ஒடுங்குகிற தகடா என்று சொல்லிவிடுவேன். எனக்குத் தராசு வேண்டியதில்லை. பழைய துணிக்குப் பாத்திரம் கொடுப்பது என் தொழில். வீடு எடமலைப்பட்டி புதூரில். காலையில் கூடையைத் தலையில் ஏற்றினால் ஒரு நாள் கே.கே. நகர், இன்னொரு நாள் ஸ்ரீரங்கம். நான் பள்ளிக்கூடம் போனதில்லை. கடையில் பாத்திரத்துக்குப் பேர் வெட்டுகிறவர் பக்கத்தில் உட்கார்ந்து, அவர் வெட்ட வெட்டப் பார்த்து எழுத்துப் படித்தவள். அதனால் என் எழுத்து கோணலாக, புள்ளி வைத்துக் குத்தினது போல இருக்கும். இருக்கட்டும். நான் யாரிடமும் எதையும் சும்மா வாங்கினதில்லை. துணி வாங்கினேன், பாத்திரம் கொடுத்தேன். அந்த நிமிர்வோடுதான் இத்தனை தெருவும் நடந்தேன்.

இப்போது எழுத உட்கார்ந்தது ஒரு எவர்சில்வர் தண்ணீர் பாட்டிலைப் பற்றி. என் கூடையிலேயே நல்ல தகடாகப் பார்த்து, விற்காமல் என் மகளுக்கு எடுத்து வைத்தது.

என் மகளுக்கு நாற்பது தாண்டிவிட்டது. மருமகன் தவறிய பிறகு என்னோடுதான் இருக்கிறாள். மதுரை ரோட்டுப் பக்கம் ஒரு தையல் கம்பெனியில் வேலை. விடியும்போதே கம்பெனி வேன் வந்து முக்கில் நிற்கும். அங்கே ஒருத்தி முழுச் சட்டை தைப்பதில்லை. ஒருத்தி தோள் மூட்டினால் அடுத்தவள் கை வைப்பாள், அதற்கடுத்தவள் கழுத்து. என் மகளுக்கு அடி மடிப்பு. பெண்கள் போடுகிற டாப்ஸின் கீழ் ஓரத்தை மடித்து மெஷினில் ஓட்டவேண்டும். காலையிலிருந்து இருட்டுகிறவரைக்கும் அது ஒன்றுதான். அந்த வரிசையில் அவள் வேகத்துக்கு ஆள் இல்லை என்பார்கள். வீட்டில் சோறு சாப்பிடும்போதுகூட அவள் இடது கட்டைவிரல் முந்தானை ஓரத்தை மடித்துக்கொண்டிருக்கும்.

ஒரு நாள் காய்ச்சலோடு வந்து விழுந்தாள். அடிவயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டாள். நீர் போகும்போது எரிகிறது என்றாள். பெரியாஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போனேன். அங்கே இருந்த டாக்டர் பெண், என் மகளைவிடச் சின்னவள், ஊசி போட்டு மாத்திரை கொடுத்துவிட்டு, “தண்ணி நிறைய குடிக்கணும். வந்தா அடக்கக் கூடாது. இப்படியே அடக்கிக்கிட்டு இருந்தீங்கன்னா கிட்னி போயிடும்” என்று சொன்னாள்.

அன்றைக்குத்தான் அந்த பாட்டிலை எடுத்துக் கொடுத்தேன். காலையில் நானே நிரப்பி மூடி, அவள் பைக்குள் வைப்பேன். சாயங்காலம் அவள் பையை வைத்ததும் பாட்டிலைக் கழுத்தைப் பிடித்துத் தூக்கிப் பார்ப்பேன். காலையில் போன கனம் அப்படியே திரும்பி வந்திருக்கும்.

“ஏன்டி, குடிக்கலையா?”

“குடிச்சேன்மா.”

“எங்கிட்டயே சொல்லு. பாத்திரக்காரிக்கிட்ட கனத்துல பொய் சொல்றியா?”

அவள் சிரித்தாள். பிறகு சொன்னாள். “குடிக்கறதுக்கு என்னம்மா, குடிச்சிடலாம். போறதுக்கு டோக்கன் வேணுமே.”

அங்கே பாத்ரூம் போக ஒரு அட்டை இருக்கிறதாம். கயிறு கோத்து, கழுத்தில் மாட்டிக்கொள்கிற அட்டை. ஒரு வரிசைக்கு ஒன்றுதான். சூப்பர்வைசர் மேஜையில் தொங்கும். ஒருத்தி மாட்டிக்கொண்டு போய்த் திரும்பி வந்து தொங்கவிட்டால்தான் அடுத்தவள் எழுந்திருக்கலாம். எழுந்தால் எழுந்தவளிடம் துணி குவியும். அவளுக்கு அடுத்தவள் கை சும்மா நிற்கும். அதற்குச் சத்தம் வரும். என் மகள் அடி மடிப்பில் இருப்பதால், அவள் நின்றால் முடிந்த சட்டை ஒன்றும் வெளியே போகாது. ஆகவே அவள் நிற்பதில்லை. நிற்காமல் இருக்கத் தண்ணீர் குடிப்பதில்லை.

“எல்லாரும் அப்படித்தாம்மா. பழகிடும்” என்றாள்.

என் பிடிவாதம் அவளுக்கும் வந்திருக்கிறது. ஒருவரிடம் போய்க் கேட்டு நிற்பது எங்கள் இரண்டு பேருக்கும் ஆகாது.

என் தொழிலும் அந்தச் சமயம் நன்றாக இல்லை. துணி கிடைக்கவில்லை என்று நினைக்கவேண்டாம். இவ்வளவு துணியை நான் என் ஆயுளில் கண்டதில்லை. முன்னெல்லாம் ஒரு வீட்டில் ஒரு மூட்டை சேர வருஷம் ஆகும். புடவை கிழிந்து, கிழிந்ததைத் தைத்து, அதுவும் நைந்த பிறகுதான் வெளியே வரும். அதை நான் பாலக்கரைப் பக்கம் இருக்கிற கிடங்கில் போடுவேன். லாரி பட்டறையில் கை துடைக்க, எண்ணெய் துடைக்க நூல் துணிக்கு எப்போதும் கிராக்கி. இப்போது ஒவ்வொரு தடவை போனாலும் வீட்டுக்கு ஒரு பை தயாராக இருக்கிறது. பிரித்தால் பளபளவென்று டாப்ஸ், பேன்ட், துப்பட்டா. ஒரு தடவை, இரண்டு தடவை போட்டது. சிலதில் விலைச் சீட்டுகூடக் கழற்றியிருக்காது.

கிடங்குக்காரர் ஒரு பாய். நல்ல மனுஷர். என் மூட்டையைப் பிரித்து, ஒவ்வொன்றாக விரலில் தேய்த்துப் பார்த்துவிட்டுத் தள்ளினார்.

“பெரியம்மா, கோவிச்சுக்காதீங்க. இது துணியே இல்ல, பிளாஸ்டிக்கு. எண்ணெய வச்சா குடிக்காது, வழுக்கிட்டுப் போவும். பட்டறைக்காரன் என்னைய அடிப்பான்.”

“போட்டுக்கிறவங்களுக்கு வித்துடுங்களேன் பாய். புதுசாட்டம் இருக்கே.”

“புதுசே இத்தினி சல்லிசா கிடைக்கறப்ப பழச எவன் தொடுவான், சொல்லுங்க? பாருங்க, உள்ள எம்புட்டு கிடக்குன்னு.”

பார்த்தேன். அவர் கிடங்கில் கூரை வரைக்கும் மூட்டைகள். என் வீட்டிலும் அதேதான். அறை ஒன்று முழுக்க அடைந்து, நாங்கள் இருவரும் சமையல்கட்டை ஒட்டிப் படுத்துக்கொண்டோம். ஒரு தடவை வெந்நீர் அடுப்பில் நாலு துணியைப் போட்டு எரித்துப் பார்த்தேன். எரியவில்லை, உருகிற்று. கறுப்பாகச் சொட்டி அடுப்பில் ஒட்டிக்கொண்டது. கரண்டியால் சுரண்டியும் போகவில்லை. அந்தப் புகையில் என் மகள் இரவெல்லாம் இருமினாள். பக்கத்து வீட்டுக்காரி வந்து, “என்னத்த போட்டுக் கொளுத்துறீங்க, டயரா?” என்று கேட்டுவிட்டுப் போனாள். அதற்குப் பிறகு எரிக்கவில்லை.

ஆற்றில் விடலாமே என்று சிலர் சொன்னார்கள். ஸ்ரீரங்கம் அம்மா மண்டபம் படித்துறையில் குளிக்க வருகிறவர்கள் கட்டியிருந்ததைத் தண்ணீரோடு விட்டுவிட்டுக் கரையேறுவது வழக்கம், கெட்டது அதோடு போகட்டும் என்று. ஒரு அமாவாசைக்கு மறுநாள் ஒரு மூட்டையோடு அந்தப் பக்கம் போனேன். படிக்கட்டு ஓரமெல்லாம் துணி சுற்றிக் கிடந்தது. ஆட்கள் கொக்கிக் கம்பு போட்டு இழுத்து மேட்டில் போட்டுக்கொண்டிருந்தார்கள். நான் நின்று பார்த்தேன். வேட்டி இல்லை, புடவை இல்லை. எல்லாம் என் அறையில் கிடக்கிற சாதிதான். அப்போதுதான் கடையில் வாங்கி, ஒரு முழுக்குக்கு மட்டும் உடுத்தி விட்டதாம். இழுத்தவரில் ஒருவர், “நாங்க எடுக்க எடுக்க விடறாங்க ஆயா. நீங்களுமா?” என்றார், என் மூட்டையைப் பார்த்து. “நான் பாத்திரக்காரிப்பா” என்று சொல்லிவிட்டு மூட்டையோடு திரும்பினேன்.

ஸ்ரீரங்கத்தில் எனக்கு ஒரு மாமி வாடிக்கை. உத்திர வீதிப் பக்கம் வீடு. எனக்கும் அவருக்கும் ஏறத்தாழ ஒரே வயது. அவர் மகள் பெங்களூரில் வேலை. வரும்போதெல்லாம் ஒரு பை கழித்துப் போட்டுவிட்டுப் போவாள். மாமி துணியைச் சும்மா தூக்கிக் கொடுக்கமாட்டார். என் கண்ணெதிரே ஒவ்வொன்றிலும் ஓரத்தில் ஒரு இழை உருவி வைத்துக்கொண்டுதான் கொடுப்பார். முழுசாகக் கொடுத்தால் வீட்டு லட்சுமியும் துணியோடு கூடவே போய்விடுவாள் என்று அந்த வீட்டில் வழக்கம். நூல் புடவையில் இழை உருவுவது சுலபம். நானும் அவசரப்படமாட்டேன்.

அன்றைக்கும் அப்படித்தான். ஒரு பச்சை டாப்ஸை எடுத்தார். கண்ணைக் கூசுகிற கிளிப்பச்சை. கீழ் ஓரத்தில் ஒரு நுனி நீட்டிக்கொண்டிருந்தது. மாமி அதைப் பிடித்து இழுத்தார். வந்தது. இன்னும் வந்தது. அவர் கை நீள நீள நூல் வந்துகொண்டே இருந்தது. சுற்றிவர அடி மடிப்பு முழுவதும் அவிழ்ந்து, துணி மடியில் தொங்கிற்று.

“என்னடி இது! ஒரு இழை கேட்டா முழுசையும் குடுக்கறது!” என்று மாமி நூலைக் கையில் சுற்றிக்கொண்டு விழித்தார்.

நான் சிரித்துவிட்டேன். “மாமி, லட்சுமி மொத்தமா உங்ககிட்டயே வந்துட்டாங்க. எனக்கு ஒண்ணும் மிச்சம் வைக்கல.”

“சும்மா இரும்மா நீ. ஏதோ அவ தோழி நிச்சயதார்த்தத்துக்குன்னு போன்ல பார்த்து வாங்கினா. ஒரு நாள் போட்டுண்டா, போட்டோ பிடிச்சுண்டா, ஆச்சு. இனிமே அதைப் போட்டுண்டா எல்லாரும் பார்த்ததுதானேன்னு சொல்றா. நன்னா இருக்கேடின்னு கேட்டா, உனக்குத் தெரியாதும்மாங்கறா.” அவிழ்ந்த துணியைத் தூக்கிப் பார்த்தார். “இதுக்கு ஒரு அடுக்கு குடுப்பியோ?”

“இதுக்கா? மாமி, பெருமாளுக்கே அடுக்காது. ஒரு டம்ளர் தரேன்.”

“டம்ளரா! பத்து உருப்படி இருக்கு, பாரு.”

“உங்க பத்து உருப்படிய வச்சுக்கத்தான் எங்க வீட்டுல இடமில்ல. உங்க முகத்துக்காக எடுத்துக்கிறேன்.”

கடைசியில் ஒரு சின்னக் கிண்ணம் கொடுத்து மூட்டை கட்டினேன். எனக்கு நஷ்டம் என்று எனக்கும் தெரியும், மாமிக்கும் தெரியும். இத்தனை நாள் பழகின வீட்டில் வேண்டாம் என்று சொல்ல வாய் வரவில்லை.

வீட்டுக்கு வந்து, நடந்ததைச் சொல்லி என் மகளைச் சிரிக்கவைக்கலாம் என்று அந்தப் பச்சை டாப்ஸை எடுத்துக் காட்டினேன். அவள் சிரிக்கவில்லை. வாங்கி உள்பக்கம் திருப்பினாள். அடி மடிப்பு இருந்த இடத்தில் ஊசித் துளை வரிசையாகத் தெரிந்தது. கை மடிப்பு மட்டும் அவிழாமல் இருந்தது. அதன் உள் நூலை விரலால் தடவினாள்.

“அம்மா, இது எங்க கம்பெனிது.”

“எப்படிடி சொல்ற? பச்சைல ஊரெல்லாம் டாப்ஸ் இருக்கு.”

“உள்பக்கம் பாரு. நூலு வேற பச்சை. இந்த நூலு பாதியில தீந்துபோச்சு. மேல தெரியாது, ஓட்டுங்கன்னு வெளிறுன பச்சைய மாட்டிக் குடுத்தாங்க.” கீழே அவிழ்ந்த ஓரத்தைக் காட்டினாள். “கடைசில நூலை உள்ள இழுத்து லாக் பண்ணணும். அதுக்குக் கை நிக்கணும். நிக்க விடல. லாரி வெளிய நின்னுச்சு. அதான் மாமி இழுத்ததும் வந்துடுச்சு.”

“சரி, விடு.”

“எனக்குக் காய்ச்சல் வந்துச்சே, அன்னைக்கு ஓட்டுனது இதைத்தாம்மா. மத்தியானம் சோத்துக்குக்கூட எந்திரிக்கல.”

உட்கார்ந்துவிட்டேன். என் மகள் நீரை அடக்கிக்கொண்டு, காய்ச்சலில் நடுங்கிக்கொண்டு ஓட்டின மடிப்பு. ஒரு பெண் ஒரு பகல் உடுத்தினாள். மாமி ஒரே இழுப்பில் உருவி எடுத்தார். நான் ஒரு கிண்ணம் கொடுத்து வீட்டுக்கு எடுத்து வந்திருக்கிறேன். இதில் யார்மேல் கோபப்படுவது? மாமி கெட்டவர் இல்லை. அந்தப் பெண்ணும் கெட்டவள் இல்லை, எனக்குத் தெரியும், சின்னப் பிள்ளையிலிருந்து பார்க்கிறேன். கோபம் வந்திருந்தால் தெம்பாக இருந்திருக்கும். அசதிதான் வந்தது.

“வேலைய விட்டுடு. எங்கூட வா, கூடைய தூக்கு” என்றேன்.

“உங்கூட வந்து? எதை வாங்கி எங்க போடுறது? உள்ள மலையா அடுக்கி வச்சிருக்கியே, அதுக்கே வழி தெரியல.” அறைப் பக்கம் கையைக் காட்டினாள். “அந்த மலைல பாதி நான் தச்சது.”

நான் எழுந்து போய் அந்த அறைக் கதவை இழுத்துச் சாத்தினேன்.

அடுத்த தடவை ஸ்ரீரங்கம் போனபோது மாமியிடம் விஷயத்தைச் சொன்னேன். குறை சொல்லவில்லை. இன்னமாதிரி, அந்தப் பச்சையை ஓட்டினது என் மகள்தான், அவளுக்கு உடம்பு இப்படி இருக்கிறது என்றேன். மாமி வாயில் கை வைத்துக்கொண்டார். “பெருமாளே! நன்னா தண்ணி குடிக்கச் சொல்லும்மா. வாழைத்தண்டு சாறு குடு. நீர்மோர் கரைச்சு அனுப்பு” என்றார். உள்ளே போய் ஒரு சொம்பு மோர் கொண்டுவந்து எனக்குக் கொடுத்தார். குடித்தேன். டாக்டர் பெண் தண்ணீர் குடிக்கச் சொன்னாள். ஒரு நாள் பேச்சுவாக்கில் விஷயத்தைச் சொன்னபோது கிடங்கு பாயும் அதையே சொன்னார். இப்போது மாமியும் சொல்கிறார். அந்த டோக்கன் அட்டையைப் பற்றி ஒருவருக்கும் சொல்லத் தெரியவில்லை. நான் கிளம்பும்போது மாமி தயங்கித் தயங்கி, வாசலில் வைத்திருந்த ஒரு பையைப் பார்த்தார். புதுப் பை. “அப்புறமா வேணா வந்து எடுத்துக்கோ” என்றார். “சரி மாமி” என்றேன்.

மழைக்காலத்தில் என் மகளுக்குத் திரும்பவும் வந்தது. இந்தத் தடவை நீரில் ரத்தம். பெரியாஸ்பத்திரியில் படுக்கவைத்துக் குளுக்கோஸ் ஏற்றினார்கள். அதே டாக்டர் பெண் வந்து, “அன்னைக்கே சொன்னேனே” என்று கோபித்துக்கொண்டாள். ஒரு பக்கத்துக் கிட்னி சுருங்க ஆரம்பித்திருக்கிறது, இன்னொரு தடவை இப்படி வரக் கூடாது என்றாள். ஆஸ்பத்திரியில் இருந்தவரைக்கும் என் மகள் தண்ணீரைக் குடித்த குடி இருக்கிறதே! பாட்டிலை நான் நிரப்பி நிரப்பி வைத்தேன். எழுந்து எழுந்து போய் வந்தாள். “யாரும் கேக்கலம்மா” என்றாள் ஒரு தடவை. ஏதோ திருவிழாவுக்கு வந்தவள் போல முகம்.

வீட்டுக்கு வந்து உடம்பு கொஞ்சம் தேறியதும் பையைத் துடைத்து வைத்தாள். காலையில் வேலைக்குப் போகப் போகிறாள் என்று தெரிந்தது. அவள் சம்பளம் இல்லாமல் எங்கள் அடுப்பு எரியாது, அதை மறைத்து என்ன. ஆனால் அந்த இரவு நான் ஒரு முடிவுக்கு வந்தேன்.

விடியும்போது அவளோடு நானும் முக்குக்குப் போனேன். “நீ எதுக்கு வர?” என்றாள். “நட” என்றேன். வேன் வந்தது. முன் சீட்டில் அவர்கள் வரிசை சூப்பர்வைசர், கழுத்தில் பேர் அட்டை போட்ட பெண், உட்கார்ந்திருந்தாள். நான் ஜன்னலைப் பிடித்துக்கொண்டேன். என் வயதுக்கு, பாத்திரம் கொடுக்காமல் ஒருவரிடம் ஒன்றைக் கேட்டது அதுதான் முதல் தடவை.

“அம்மா, ஒரு உதவி. எம்பொண்ணுக்கு உடம்பு எப்படின்னு உங்களுக்குத் தெரியும். அந்த டோக்கன இன்னொண்ணு போடுங்க. ஒரு அட்டைதானே.”

அந்தப் பெண் என்னைப் பார்த்தாள். திட்டப் போகிறாள் என்று நினைத்தேன். திட்டவில்லை.

“ஆயா, எனக்கும் அந்த ஒரு டோக்கன்தான்” என்றாள். மெதுவாகத்தான் சொன்னாள். “மேல கேட்டா, ஆர்டர் வேணுமா வேணாமான்னு கேக்கறாங்க. நாங்க மாட்டோம்னா வேற ஊருக்குக் குடுத்துருவாங்களாம்.”

வேனுக்குள் இருந்த பெண்கள் எல்லாரும் கேட்டுக்கொண்டிருந்தார்கள். ஒருத்தி, “ஆயா, அந்த அட்டைய உங்க கூடையில வச்சுக் கொண்டாங்க, துணிக்கு அட்டைன்னு கூவுங்க” என்றாள். எல்லாரும் சிரித்தார்கள். சூப்பர்வைசரும் சிரித்தாள். என் மகள் சிரிக்காமல் ஏறினாள். வேன் போய்விட்டது. எனக்கு அவமானமாக இருந்தது என்று எழுத மனசில்லை. கூடையை எடுக்காமல் அன்று முழுவதும் வீட்டிலேயே படுத்துக் கிடந்தேன்.

அன்று சாயங்காலமும் பாட்டில் அப்படியே வந்தது. மறுநாளும். நான் தூக்கிப் பார்ப்பதை அவள் பார்ப்பாள். இன்னொரு தடவை வரக் கூடாது என்று டாக்டர் சொன்னது மட்டும் வீட்டுக்குள் மூன்றாவது ஆள் போல உட்கார்ந்திருந்தது.

பிறகு ஒரு சாயங்காலம் பாட்டிலைத் தூக்கினேன். கை சட்டென்று மேலே போய்விட்டது. காலி.

“கொட்டிட்டியா?” என்றேன்.

“இல்லம்மா, குடிச்சேன்.”

“டோக்கன்?”

“நான் மெஷின்ல இல்ல. பிசிறு வெட்டப் போயிட்டேன்.”

முடிந்த சட்டையில் நீட்டிக்கொண்டிருக்கிற நூல் நுனிகளைக் கத்தரிக்கிற இடம் அது. நாள் முழுக்க நின்றுகொண்டே வெட்டவேண்டும். மெஷின் தெரியாதவர்களையும் வயசானவர்களையும்தான் அங்கே விடுவார்கள். சம்பளம் குறைவு. ஆனால் வரிசை கிடையாது, அட்டை கிடையாது. பாத்ரூம் கதவு பக்கத்திலேயே இருக்கிறதாம்.

“உன்னைய தள்ளிட்டாங்களா?”

“நானேதான் கேட்டேன். நீ அன்னைக்கு ஜன்னல புடிச்சுக்கிட்டு நின்ன இல்ல, அதைப் பாத்ததும் நாமளும் கேட்டா என்னன்னு தோணுச்சு.” கத்தரிக்கோல் பிடித்த இடத்தில் அவள் விரலில் கொப்புளம் வந்திருந்தது. அதை ஊதிக்கொண்டாள். “நல்ல வேகக்காரி, இங்க வந்து நிக்கிறியேன்னு எல்லாரும் கேக்கறாங்க. அதான் ஒரு மாதிரியா இருக்கு.”

அந்தப் பேச்சு எனக்குப் புரிந்தது. அவள் வேகம் அவளுடைய கூடை. அதை இறக்கி வைத்துவிட்டு வந்திருக்கிறாள். தலையைத் தடவிக் கொடுக்கலாம் என்று கை போயிற்று, அதற்குள் அவள் எழுந்து முகம் கழுவப் போய்விட்டாள்.

சாப்பிடும்போது கேட்டேன். “உன் மெஷின்ல இப்ப யாரு?”

“புதுசா ஒருத்தி. ஜீயபுரத்துக்குக் கல்யாணமாகி வந்தவ. நல்ல சுறுசுறுப்பு. என்னைய விட வேகமா வந்துருவா.” சோற்றைப் பிசைந்தபடி சொன்னாள். “பாட்டிலே கொண்டு வரதில்லம்மா. தாகமே எடுக்காதுங்கறா.”

காலையில் கூடையைத் துழாவி, இருப்பதில் கனமான தகடாக ஒரு பாட்டிலை எடுத்துத் தண்ணீர் நிரப்பி என் மகள் பையில் வைத்தேன்.

“யாருக்கு?”

“அந்த ஜீயபுரத்துக்காரிக்கு. சும்மா குடுத்ததா சொல்லிடாத. வீட்டுல பழைய துணி இருந்தா என்னைக்காவது ஒண்ணு குடுக்கச் சொல்லு. நூல் துணியா.”

என் மகள் இரண்டு பாட்டிலும் பையில் இடிக்க இடிக்க வேன் ஏறினாள். அவளுடையது தினமும் காலியாகத்தான் திரும்பி வருகிறது. இன்றைக்கும் தூக்கிப் பார்த்தேன். அந்தப் பெண்ணுடையது அவள் வீட்டுக்குப் போகிறது. அது சாயங்காலம் என்ன கனத்தில் போகிறது என்று தெரிந்துகொள்ள எனக்கு வழியில்லை.